ஆள் இருக்கு, பேச்சு இல்லை: கட்டணக் குழுவில் தூங்குபவர்களை அறிகுறி பார்த்து எழுப்புவது

மாதம் 199 ரூபாய் சந்தாவில் மாடித்தோட்டக் குழு ஒன்று நடத்துகிறேன். பேச்சுக்கு வாட்ஸ்அப், பாட வீடியோக்களுக்கு டெலிகிராம், ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஜூம். நான் கோவையில் உட்கார்ந்திருந்தாலும் ஆட்கள் திருச்சி, நாகர்கோவில், பெங்களூரு, ஷார்ஜா என்று பரந்து கிடக்கிறார்கள்.

இரண்டாம் வருடம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மூன்று மாதமாக வாய் திறக்காத எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன்: "உங்களைக் காணோமே, குழு உங்களைத் தேடுகிறது." கூடவே ஒரு செம்பருத்திப் படம். சாயங்காலத்துக்குள் பதில் வர ஆரம்பித்தது. "நல்ல வேளை ஞாபகப்படுத்தினீங்க தம்பி, சந்தாவ நிறுத்திடுங்க." இதே மாதிரி பதினோரு பேர். ஒரு பெரியவர் மட்டும் கோபித்துக்கொண்டார்: "தினமும் காலையில காபியோட உங்க குரூப்பதான் படிக்கிறேன். நான் எங்க காணாமப் போனேன்?"

செடி வாடினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று குழுவில் நானே நூறு தடவை சொல்லியிருப்பேன். தண்ணீர் இல்லாமலும் செடி வாடும், தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும் வாடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால்தான் எது என்று தெரியும். ஊருக்கெல்லாம் இதைச் சொன்னவன், என் ஆட்கள் வாடியபோது மட்டும் குடத்தோடு ஓடினேன். கீழே இருப்பது அதற்குப் பிறகு சேர்த்துவைத்த குறிப்புகள். உங்கள் குழு தையலாகவோ, பேச்சு ஆங்கிலமாகவோ, பங்குச் சந்தையாகவோ இருக்கலாம். உதாரணங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

எதற்கும் முன்னால்: விரலை விட்டுப் பாருங்கள்

ஒரு நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே மூன்று தேதி எழுதுங்கள். கடைசியாகப் பணம் வந்த நாள், கடைசியாகப் படித்த நாள், கடைசியாகப் பேசிய நாள். நாம் எல்லோரும் மூன்றாவதை மட்டும் பார்த்துவிட்டுத்தான் தலையில் கை வைக்கிறோம். மூன்றும் எழுதினால், தூங்குகிறார்கள் என்று நினைத்த கூட்டம் நாலைந்து தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்து நிற்கும்.

படித்த நாளைக் கண்டுபிடிப்பது சுலபம். வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து, அதன் தகவலைத் திறந்தால், யாருக்குச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்று இரண்டு பட்டியல் வரும். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கூட இதில் தெரிவார், ஏனென்றால் அந்த அணைப்பு தனிப் பேச்சுக்குத்தான், குழுவுக்குச் செல்லாது. டெலிகிராமில் 100 பேருக்கு உட்பட்ட சின்னக் குழுவில்தான் இது தெரியும், அதுவும் 7 நாள் வரைக்கும்தான். மின்னஞ்சல் அனுப்புபவர்கள் 'திறந்தவர்' எண்ணிக்கையை நம்ப வேண்டாம். 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து ஆப்பிள் மெயில் அஞ்சலில் உள்ள படங்களைத் தானாகவே முன்கூட்டி இறக்கி வைத்துக்கொள்கிறது. அஞ்சலைத் தொடவே தொடாதவரும் திறந்தவர் கணக்கில் விழுவார். உள்ளே இருக்கும் லிங்கைத் தட்டினாரா என்று பாருங்கள், அது பொய் சொல்வது குறைவு.

விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை சாதாரணச் செய்தி ஒன்றைப் போட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து அந்தப் பட்டியலைப் பாருங்கள். தீபாவளி வாழ்த்தை வைத்துப் பரிசோதித்தால் கணக்கு தப்பாகிவிடும்.

அறிகுறி: செய்தி போய்ச் சேர்கிறது, படிக்கவில்லை

பெரும்பாலும் குழு அவர் போனில் ஆர்க்கைவ் ஆகி, அதாவது முதன்மைப் பட்டியலிலிருந்து ஒதுக்கப்பட்டு, மறைந்து கிடக்கும். முன்பெல்லாம் ஆர்க்கைவ் செய்த குழுவில் புதுச் செய்தி விழுந்தால் அது மறுபடி மேலே வந்து நிற்கும். 2021 ஜூலையில் வாட்ஸ்அப் அதை மாற்றியது. புதுச் செய்தி வந்தாலும் அது உள்ளேயே கிடக்கும். ஏதோ ஒரு பொங்கலன்று வாழ்த்து மழை தாங்காமல் உள்ளே தள்ளியவர், அதோடு நம்மை மறந்திருப்பார். கோபமெல்லாம் ஒன்றும் இருக்காது. குழுவுக்குள் எவ்வளவு கத்தினாலும் அவர் காதில் விழாது. உங்கள் சொந்த எண்ணிலிருந்து தனியாக எழுதுங்கள்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பலாமே என்று தோன்றும். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போகும். அதனால் சேரும் அன்றே, பணம் வந்த ரசீதோடு, "இந்த நம்பரை 'தோட்டம் தம்பி'ன்னு சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிடுகிறேன். பிற்பாடு சொன்னால் யாரும் செய்வதில்லை.

செய்தி சேரவே இல்லை, ஒற்றை டிக்கோடு நாள் கணக்காக நிற்கிறது என்றால் எண் மாறியிருக்கலாம், போன் மாறியிருக்கலாம். ஒரு அழைப்பு போட்டுப் பாருங்கள். சொந்த ஆப் வைத்து நடத்துபவர்கள், அவர் போனில் பேட்டரி சேமிப்பு உங்கள் ஆப்பைப் பின்னணியில் ஓடவிடாமல் தடுக்கிறதா என்று கேளுங்கள். அறிவிப்பு வராததற்குப் பாதி நேரம் அதுதான் காரணம்.

அறிகுறி: ஆள் நன்றாகத்தான் இருந்தார், திடீரென்று பட்டியலிலேயே இல்லை

முதலில் பணத்தைப் பாருங்கள். பணம் நின்றதும் ஆளைத் தானாகவே தூக்கிவிடும் பாட் (தானியங்கி நிரல்) வைத்திருந்தால், அவர் போகவில்லை, நீங்கள்தான் வெளியே தள்ளியிருக்கிறீர்கள். எனக்கு இப்படி ஆனது. தூத்துக்குடிக்காரர் ஒருவர் இரண்டு மாதம் கழித்து, "என்ன தம்பி, குரூப்பக் கலைச்சுட்டியளா?" என்று கேட்டபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. வங்கி புது டெபிட் கார்டு கொடுத்திருக்கிறது, பழைய கார்டில் போட்டுவைத்த தானியங்கி அனுமதி செத்துவிட்டது. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தானாகப் பணம் எடுக்கும் முறை இப்போது எப்படி இயங்குகிறது என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. முதல் தடவை ஓடிபி போட்டு அனுமதி தர வேண்டும், ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும், அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்ல வழியும் இருக்க வேண்டும். ஓடிபி இல்லாமல் எடுக்கும் உச்சவரம்பு அப்போது 5,000 ரூபாய், 2022 ஜூனில் 15,000 ஆனது. நம்மைப் போன்ற 199 ரூபாய்க்காரர்களுக்கு வரம்பு பிரச்சினையே இல்லை. அந்த 24 மணி நேரத் தகவல்தான் விஷயம்.

யோசித்துப் பாருங்கள். இரண்டு மாதமாகக் குழுவை எட்டிப் பார்க்காத ஒருவருக்கு உங்கள் பெயரோடு வரும் ஒரே செய்தி வங்கியிலிருந்து வருகிறது. நாளை 199 ரூபாய் எடுக்கப் போகிறார்கள் என்கிறது. அதற்கு முந்தைய மாதம் உங்களிடமிருந்து அவர் கையில் எதுவும் வந்து சேரவில்லை. யாராக இருந்தாலும் நிறுத்தத்தான் செய்வார். யூபிஐ ஆட்டோபே என்றால் இன்னும் சுலபம், அவர் போனிலேயே நாலு தட்டில் ரத்து. எனக்கு மாதம் 5ஆம் தேதி பணம் எடுக்கப்படுகிறது. அந்த மாதத்தின் மிகப் பயனுள்ள விஷயத்தை முன்பெல்லாம் மாத நடுவில் போடுவேன், இப்போது 1ஆம் தேதியே போட்டுவிடுகிறேன். இது தந்திரம் போலத் தெரியலாம். கடைக்காரர் மாசக் கணக்குக் கேட்க வரும் முன்னால் நல்ல அரிசியாகக் கொடுத்துவிட்டு வருவது மாதிரிதான்.

பணம் விழாதவருக்கு எழுதும்போது 'செலுத்தத் தவறினீர்கள்' என்ற சொல்லே கூடாது. நான் அனுப்புவது இது: "அக்கா, இந்த மாசம் பணம் பேங்க்லயே நின்னுடுச்சு போல. கார்டு மாத்துனீங்களா? அவசரமில்ல, பதினஞ்சாம் தேதி வரைக்கும் குரூப்ல இருங்க. புது லிங்க் கீழ இருக்கு." பாட் ஆளைத் தூக்குவதைப் பத்து நாள் தள்ளி வையுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு மணி நேரம்தான் பிடிக்கும்.

அறிகுறி: பணம் கட்டினார், "வணக்கம்" என்றார், அதோடு சரி

இவர்களை எழுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை, இன்னும் உள்ளேயே வரவில்லை. வாசலில் செருப்போடு நிற்கிறார்கள்.

காரணம் அநேகமாக நம்முடையது. சேர்ந்த அன்றைக்கு என்ன கொடுக்கிறோம் என்று ஒரு நாள் புது ஆள் கண்ணால் பாருங்கள். நான் பார்த்தேன். டெலிகிராமில் அறுபத்துச்சொச்சம் வீடியோ. வாங்க வேண்டிய சாமான் பட்டியல் ஒரு பக்கம்: குரோ பேக், தென்னை நார்க் கழிவு, மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, நிழல் வலை. "உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று ஒரு கட்டளை வேறு. இருநூறு பேர் முன்னால் எழுந்து நின்று பேர் சொல்லச் சொன்னால் எனக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் வாங்கிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று அவர் தள்ளிப் போடுகிறார். தள்ளிப் போட்டது ஒரு மாதம் தாண்டினால் குழுவைத் திறக்கவே கூச்சமாகிவிடும்.

இப்போது புது ஆளிடம் ஒரே ஒரு வேலைதான் சொல்கிறேன். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயம் ஒரு கைப்பிடி. ராத்திரி ஊற வையுங்கள். ஓட்டை விழுந்த பழைய டப்பாவோ பக்கெட்டோ, அடியில் துளை இருந்தால் போதும், மண் நிரப்பித் தூவி லேசாக மூடுங்கள். நாலாம் நாள் ஒரு போட்டோ எனக்குத் தனியாக அனுப்புங்கள். அவ்வளவுதான். மூன்று வாரத்தில் பறித்துக் குழம்பில் போடலாம். கடைக்குப் போகத் தேவையில்லை, செலவு இல்லை, தோற்பது கஷ்டம். அந்த நாலாம் நாள் போட்டோ வந்துவிட்டால் ஆள் உள்ளே வந்தாயிற்று. குழுவில் போடச் சொல்வதில்லை, என்னிடம்தான். நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன்: "உங்க மாடியில வெயில் எத்தன மணி வரைக்கும் நிக்கும்?" அவர் ஒருவருக்குத்தான் தெரிந்த பதில் அது, சொல்லாமல் இருக்க முடியாது.

தையல் குழு என்றால் பிளவுசுக்குப் போகாதீர்கள், பழைய புடவையில் ஒரு தலையணை உறை. பேச்சு ஆங்கிலம் என்றால் முப்பது விநாடிக் குரல் பதிவு, அதுவும் உங்களுக்கு மட்டும்.

ஆறு மாதம் முன்பு சேர்ந்து இன்னும் ஆரம்பிக்காதவருக்கும் இதே மருந்துதான். "நீங்க இன்னும் ஆரம்பிக்கலையே" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது அவருக்கே தெரியும். "சார், வீட்டுல வெந்தயம் இருக்கா?" என்று எழுதுங்கள். இத்தனை மாதம் கழித்து இப்படி ஒரு கேள்வி வந்தால் ஆள் சிரித்துவிடுவார். பதிலும் வரும்.

அறிகுறி: தினமும் பேசியவர் சட்டென்று அடங்கிவிட்டார்

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். முதல் சோதனை: அவர் கடைசியாகப் போட்ட செய்திக்குப் போய், அதற்கு மேலும் கீழும் இருபது செய்தி படியுங்கள். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். அவர் கேட்ட கேள்வி 'இனிய காலை' படங்களுக்கு நடுவே புதைந்து பதில் இல்லாமல் கிடக்கும், அல்லது யாரோ ஒருவர் "இதுகூடத் தெரியாதா" என்ற தொனியில் ஒரு வரி போட்டிருப்பார். பதில் இல்லாத கேள்வி என்றால் இப்போது பதில் சொல்லுங்கள், நாலு மாதம் ஆகியிருந்தாலும் சரி. "மார்ச்ல நீங்க கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லல, தப்பு என்னோடது. இப்ப சொல்லட்டுமா?" நான் அனுப்பியதிலேயே அதிகம் வேலை செய்த செய்தி இதுதான் என்பேன்.

அங்கே ஒன்றும் சிக்கவில்லை என்றால் போன் செய்யுங்கள். டைப் செய்து அனுப்பாதீர்கள்.

திருச்சி அக்கா ஒருவர் இருந்தார். கத்திரிக்காய்ப் படமாகவே போடுவார். பூ விட்டால் படம், பிஞ்சு விட்டால் படம். ஒரு நாளிலிருந்து சத்தமே இல்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் விட்டுவிட்டேன். பிறகு கூப்பிட்டேன். "எப்படி இருக்கீங்கக்கா" என்று கேட்டதற்கு நன்றாக இருக்கிறேன் என்றார். "கத்திரி எப்படி இருக்கு?" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அத ஏன் கேக்குற தம்பி. எல்லாம் வெள்ள வெள்ளையா பூத்து, இல சுருண்டு, ஒண்ணுமில்லாமப் போச்சு."

"குரூப்ல கேட்டிருக்கலாமேக்கா."

"எல்லாரும் கூடை கூடையா பறிக்கிற போட்டோ போடுறாங்க. அங்க போயி நான் என்னத்தப் போடுறது?"

மாவுப்பூச்சிதான். துணியை நனைத்து முதலில் துடைத்து எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு, சாயங்காலம் இலைக்கு அடியிலும் படுகிற மாதிரித் தெளித்தால் மூன்று நாலு தடவையில் மட்டுப்படும். செடிக்கு வைத்தியம் அவ்வளவுதான். குழுவுக்குத்தான் வைத்தியம் தேவைப்பட்டது. எனக்குத் தெரியாமலே, காய் பறித்தவர்கள் மட்டும் வாய் திறக்கக்கூடிய இடத்தை நான் கட்டி வைத்திருந்தேன். நன்றாகக் காய்த்த செடியின் படத்துக்கு நானே கைதட்டுவேன், வாடிய செடியின் படத்துக்கு "தனியா அனுப்புங்க" என்பேன். அப்புறம் யார் காட்டுவார்கள்?

அந்த வாரமே 'செத்த செடி சனிக்கிழமை' என்று ஒன்று தொடங்கினேன். முதல் படம் என்னுடையதுதான், இலைச்சுருட்டு வந்து குட்டிச்சுவரான என் தக்காளி வரிசை. ஐந்தாம் வருடத்திலும் எனக்கு இப்படி ஆகிறது என்று எழுதினேன். அன்று ராத்திரிக்குள் பத்து மாதமாகக் குரல் கொடுக்காத மூன்று பேர் ஆளுக்கொரு காய்ந்த குச்சியின் படம் போட்டார்கள். திருச்சி அக்கா அன்று போடவில்லை, அடுத்த சனிக்கிழமைதான் போட்டார். இப்போது சனிக்கிழமைதான் எங்கள் குழுவில் கூட்டம் அதிகம்.

நான் கற்ற ஒரே இலக்கணம் இதுதான்: ஆளைப் பற்றிக் கேட்காதீர்கள், செடியைப் பற்றிக் கேளுங்கள். "ஏன் வர்றதில்ல" என்றால் சாக்கு வரும். "அந்த முருங்கை என்னாச்சு" என்றால் கதை வரும்.

போன் எடுத்தவர் வீட்டில் துக்கம், உடம்பு சரியில்லை, பெண்ணுக்குப் பிரசவம் என்றால் குழு பேச்சையே எடுக்காதீர்கள். சந்தாவை நிறுத்தி வைத்துவிட்டு அதைச் சொல்லுங்கள், போதும்.

அறிகுறி: எல்லோரும் ஒரே மாதத்தில் தூங்கிவிட்டார்கள்

காலண்டரைப் பாருங்கள். எங்களுக்கு மே மாதம். அக்னி நட்சத்திரத்தில் மாடியில் கால் வைக்க முடியாது, பிள்ளைகளுக்கு லீவு, பாதிப் பேர் ஊரில். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பரிலும் இப்படித்தான். பெற்றோர் அதிகம் இருக்கும் குழுவுக்கு மார்ச் பரீட்சை. இது நோயே இல்லை. முதல் இரண்டு வருடம் மே மாதத்தில் போட்டி, பரிசு, சவால் என்று நடத்தி நானும் களைத்து அவர்களையும் களைக்க வைத்தேன். இப்போது மே மாதம் நிழல் வலை பற்றி ஒரு பாடம், செடியை உயிரோடு வைத்திருக்க ஒரு பாடம், அதோடு விட்டுவிடுகிறேன். ஜூலை முதல் வாரம் விதை கணக்கு எடுக்கிறேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பாட்டன் சொல்லி வைத்ததை விடப் பெரிய நினைவூட்டல் எந்த மென்பொருளிலும் இல்லை. அந்த இரண்டு வாரத்தில் திரும்பி வருபவர்கள் மற்ற பத்து மாதத்தில் வருபவர்களை விட அதிகம். உங்கள் குழுவுக்கும் ஓர் ஆடி இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்ற மாதம் கத்த வேண்டியதில்லை.

அறிகுறி: படிக்கிறார், பணம் வருகிறது, பேசுவதே இல்லை

விட்டுவிடுங்கள். காபியோடு படிக்கும் அந்தப் பெரியவர் இந்த வகைதான். இணையக் கூட்டங்களில் 90 பேர் பார்ப்பார்கள், 9 பேர் அவ்வப்போது பேசுவார்கள், ஒருவர் மட்டும் ஓயாமல் பேசுவார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006லேயே எழுதினார். கட்டணக் குழுவில் விகிதம் கொஞ்சம் மாறும், இயல்பு மாறாது. கோவில் கச்சேரிக்கு வந்தவர்கள் எல்லோரும் பாட வேண்டுமா என்ன?

அறிகுறி: நாலு பேர் மட்டும் பேசுகிறார்கள், மற்றவர்கள் ஒவ்வொருவராக மங்குகிறார்கள்

எல்லாக் குழுவிலும் ஒரு ரிட்டயர்டு சார் இருப்பார். கேள்வி விழுந்த நிமிடமே பதில் சொல்வார், சரியாகவும் சொல்வார். அவர் இல்லாவிட்டால் குழு நடக்காது. அவர் இருப்பதால்தான் வேறு யாரும் பேசுவதில்லை என்பதும் உண்மை. தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்ல யாராவது டைப் செய்து முடிப்பதற்குள் சார் முடித்திருப்பார்.

எங்கள் சாரைப் பார்த்துப் பேசினேன். "சார், முதல் ரெண்டு மணி நேரம் நீங்க பதில் சொல்லாதீங்க. வேற யாராவது சொல்லட்டும். தப்பா இருந்தா வந்து திருத்துங்க, வாத்தியார் அப்படித்தான செய்வாரு?" வாத்தியார் என்ற சொல் அவருக்குப் பிடித்துவிட்டது. இப்போது அவரே இரண்டாம் வரிசை ஆட்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார்.

காலை வணக்கப் படங்களுக்குத் தனியாக ஒரு குழு திறந்து 'திண்ணை' என்று பெயர் வையுங்கள். தடை போட்டால் மனம் நோகும், திண்ணைக்கு அனுப்பினால் நோகாது. இன்னொன்று, வாட்ஸ்அப் ஒரு குழுவில் 1,024 பேர் வரை அனுமதிக்கிறது என்பதற்காக அத்தனை பேரையும் ஒரே இடத்தில் அடைக்காதீர்கள். நான் ஊர் வாரியாகப் பிரித்திருக்கிறேன். நாகர்கோவில் மழையும் கோவை மழையும் ஒன்றில்லை, ஒரே ஊர்க்காரர்களுக்கு ஒருவர் சொல்வது மற்றவருக்கு அப்படியே பொருந்தும்.

அறிகுறி: கூப்பிட்டால் வருகிறார், ஒரு வாரத்தில் மறுபடி காணோம்

திரும்பி வந்தவர் குழுவைத் திறந்ததும் பார்ப்பது ஆயிரத்துச்சொச்சம் படிக்காத செய்தி. விட்டதையெல்லாம் படித்துவிட்டுப் பேசுவோம் என்று உட்கார்ந்து, முப்பதாவது செய்தியில் தூக்கம் வந்து, அப்படியே போய்விடுகிறார். முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "பழசு எதுவும் படிக்க வேணாம். இந்த மாசம் நடந்தத மூணு நிமிஷ ஆடியோவுல சொல்லியிருக்கேன், அது மட்டும் போதும்." இதற்காகவே மாதக் கடைசியில் ஒரு ஆடியோ பதிவு செய்கிறேன், வண்டி ஓட்டாத நேரத்தில் எங்கேயாவது உட்கார்ந்து, தாளைப் பார்க்காமல். கூடவே அதே ஊர்க்காரர் ஒருவரிடம், "இவங்களுக்குக் கொஞ்சம் தக்காளி நாத்து இருந்தா குடுங்க" என்று சொல்லி வைப்பேன். நாற்று வாங்கப் போனவர் அப்புறம் குழுவை விட்டுப் போவது கஷ்டம்.

திரும்பி வந்தவரைக் குழுவில் மாலை போட்டு வரவேற்காதீர்கள். இத்தனை நாள் வரவில்லை என்பதை ஊருக்குச் சொல்வது போல ஆகிவிடும்.

அறிகுறி: பல மாதமாகப் பணம் மட்டும் வருகிறது, ஆள் படிக்கக்கூட இல்லை

தொழில் செய்பவர்களுக்குள் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச்சு வராது. சும்மா வரும் பணம், தட்டி எழுப்பினால் நின்றுவிடும் என்று ஒரு பயம். நானும் அப்படி இருந்தவன்தான். ஷார்ஜாவில் ஒருவர் பதினான்கு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்துவிட்டு எனக்கு எழுதிய வரி இன்னும் என் போனில் இருக்கிறது: "தெரிஞ்சும் எடுத்துட்டே இருந்தீங்களா?" பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பதில் மட்டும் என்னிடம் இல்லை.

சட்டமும் இப்போது சும்மா இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று வடிவங்களைப் பட்டியலிடுகின்றன. வெளியேற முடியாதபடி சந்தாவைச் சிக்கலாக்குவது அதில் ஒன்று. "செடிகள் செத்தாலும் பரவாயில்லை, நான் போகிறேன்" என்று பொத்தானில் எழுதி வெட்கப்படுத்துவது இன்னொன்று.

நான் வைத்திருக்கும் வழக்கம்: மூன்று மாதம் தொடர்ந்து ஒரு செய்தியும் படிக்காதவருக்கு, பணம் எடுக்கும் தேதிக்கு ஐந்து நாள் முன்னால் தனிச்செய்தி. "சார், மூணு மாசமா இந்தப் பக்கம் வரல போல. சும்மா பணம் போக வேணாம். மூணு வழி இருக்கு: 1 அனுப்புனா சந்தாவ மூணு மாசம் நிறுத்தி வைக்கிறேன், உங்க இடம் அப்படியே இருக்கும். 2 அனுப்புனா முழுசா முடிச்சுடுறேன். 3 அனுப்புனா இந்த வாரம் பத்து நிமிஷம் போன்ல பேசி எங்க ஆரம்பிக்கலாம்னு பார்ப்போம்." பதிலே வராவிட்டால் நானே 1 போட்டுவிடுகிறேன். வருடச் சந்தா கட்டியவர் என்றால் கடைசித் தேதியை மூன்று மாதம் தள்ளி எழுதி, அதை அவருக்குச் சொல்கிறேன்.

இதனால் முதல் மாதம் வருமானம் இறங்கத்தான் செய்தது, மறைக்கவில்லை. 1 அனுப்பியவர்களில் பலர் ஆடியில் தானாகவே வந்தார்கள். பணம் ஓடிக்கொண்டிருந்தால் வந்திருப்பார்களா என்று கேட்டால், என் அனுபவத்தில் இல்லை. படிக்காத குழுவுக்குப் பணம் போவதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு எரிச்சல் வரும். அந்த எரிச்சல் பணத்தின் மேல் நிற்காது, உங்கள் பெயரின் மேல் போய் உட்காரும்.

2 அனுப்பியவருக்கு அன்றைக்கே ரத்து, அன்றைக்கே "ஆச்சு" என்று பதில். ஏன் என்று கேட்பதில்லை, சொல்ல விரும்பினால் அவரே சொல்வார். மாத வாரியாக என்ன விதைக்கலாம் என்ற அட்டவணையை அனுப்பி, கடைசியாக ஒரு வரி: "அடுத்த ஆடிக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை மட்டும் விதை பத்தி மெசேஜ் போடுவேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, அதுவும் போட மாட்டேன்." வேண்டாம் என்றவர் பெயரை நோட்டில் சிவப்பில் அடித்துவிடுவேன். மற்றவர்களுக்கு ஜூலை முதல் ஞாயிறு காலை ஒரு செய்தி போகும், வெண்டை விதை கைப்பிடியோடு ஒரு படம். பதில் வராவிட்டால் அந்தப் பெயருக்கும் சிவப்புக் கோடு.